பகல்ல ஆண்தான் உட்காரணும்

போ. உள்ள போடா. பத்து நிமிஷமா கத்திட்டிருக்கேன், காதுல ஏறுதா உனக்கு? கொண்டையை விரிச்சுக்கிட்டு அந்த மூலைக் கம்பியைக் கவ்விட்டு நின்னா ஆச்சா? பகல்ல நீதான்டா உட்காரணும். காக்டெயில் கிளி ஜாதியில ராத்திரி பொட்டை அடை உட்காரும், விடிஞ்சா ஆண் வந்து மாத்திவிடும், அது உங்க வழக்கம், நான் போட்ட சட்டமில்ல. பாரு, உன் பொண்டாட்டி மிளகா ராத்திரி பூரா உட்கார்ந்துட்டு இப்பதான் தினை கொத்த வந்திருக்கா, அவளையும் நிம்மதியா கொத்த விடாம இப்படி முழிச்சிட்டு நிக்கிற. உனக்குப் போய்ச் சிங்காரம்னு பேரு வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். நாலு முட்டை பானைக்குள்ள ஆறிட்டிருக்கு. கார்த்திகை மாசத்துச் சாரல், தலைக்கு மேல தகர ஷீட்டு சடசடங்குது, காத்து ஈரத்தோட அடிக்குது, எனக்கே கை விறைக்குது. முட்டை அரை மணி நேரம் தாங்கும். நான் பார்த்தவரைக்கும் அரை மணி. மூத்த முட்டைக்கு இன்னிக்குப் பத்தொன்பதாம் நாள், நாளைக்கோ நாளன்னிக்கோ பொரியணும், இந்த நேரத்துல இடம் மாத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பதினோரு வருஷமா இந்த மொட்டை மாடியில பறவை வளர்க்கிறவ நான். தெரிஞ்சுதான் மாத்தினேன். வேற வழி? மூணு வாரமா என் வீட்டுக்கார மனுஷன் மாடியை விட்டு நகரவே இல்ல. இன்னிக்குத்தான் பேங்குக்குப் போயிருக்கார். நவம்பரானா போய், நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு ரேகை வெச்சுட்டு வரணும், அப்பதான் அவருக்குப் பென்ஷன் ஓடும். அவர் தெருமுனை திரும்பினதும் நான் மாடி ஏறிட்டேன். அவர் செஞ்ச அடைப் பெட்டியைக் கூண்டுல இருந்து கழட்டிக் கீழ போட்டேன், என் மண்பானையைக் கட்டினேன், முட்டையை மாத்தினேன். அப்ப மணி பத்தே கால். பத்தே முக்காலுக்குள்ள இவன் உள்ள போயாகணும்.

எல்லாம் அந்தப் பெட்டியால வந்தது. பெட்டியாலயா, அந்த மனுஷனாலயா? ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு என்ன குறை இருந்தது? வாய் குறுகின பானை, பக்கவாட்டுல உளியால தட்டின ஒரு ஓட்டை, அடியில ரெண்டு கைப்பிடி மரச் சீவல். அவ்வளவுதான் என் சாமான். பானைக்கு அடி உருண்டை. முட்டை எங்க போகும்? எங்கயும் போகாது, நடுவுலயே வந்து சேர்ந்துக்கும், நாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கும், மேல ஆண் உட்கார்ந்தா நாலுக்கும் சூடு. வெயில் காலத்துல மண்ணு குளிர்ச்சி, மழைக்கு வெளியில ஒரு சாக்கு. அஞ்சு முட்டை விட்டா நாலு பொரிஞ்சுடும். கொளத்தூர் கடைக்கார பாய் என் குஞ்சைக் கையில வாங்கினாலே காலைத்தான் முதல்ல பார்ப்பார், நேரா நிக்குதேம்மா உங்க வீட்டுக் குஞ்சுன்னுவார். அப்ப எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கும் தெரியுமா? சொன்னா சிரிப்பாங்க. அந்தச் சந்தோஷம் யாருக்குப் பொறுக்கல? இவர் போன வருஷம் ரிட்டையர் ஆனார். அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில டூல் ரூம் ஃபிட்டர், முப்பத்திநாலு வருஷம். ஐயா கை வெச்சா அரை மில்லி மீட்டர் தப்பாது. நல்லது, யாரு இல்லைன்னா? ஆனா அந்த அரை மில்லியைத் தூக்கிக்கிட்டு என் சமையல்கட்டுக்கு வந்தாரே! பருப்பு டப்பாவுக்குச் சீட்டு ஒட்டினார். துவரம் பருப்புன்னு எழுதி என் மூஞ்சிக்கு நேரா. முப்பது வருஷமா எனக்கு எது துவரம் பருப்புன்னு தெரியாது பாருங்க. கரண்டி மாட்டுற ஆணியை ஒரே அளவு இடைவெளியில அடிச்சார். சரி போகட்டும்னு விட்டேன். விட்டேன்ல, அதான் மாடி ஏறிட்டார்.

இன்னும் நிக்கிறான் பாரு. எங்க பார்க்கிற? அங்க ஒண்ணுமில்லடா, பெட்டி தொங்கின இடம் அது, வெறும் கொக்கிதான் இருக்கு. இந்தப் பக்கம் திரும்பு, பானை இங்க இருக்கு. தலையை ஆட்டுறான். மிளகா வேற தினையை விட்டுட்டுக் கீச்சு கீச்சுன்னு பிராணனை வாங்குறா. என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பெட்டி. பிளைவுட்ல செஞ்சார், நாலு பக்கமும் மூலை மட்டம் வெச்சுப் பார்த்து. வாசல் ஓட்டை வட்டம்னா வட்டம், உள்ள எட்டிப்பார்க்கப் பக்கத்துல ஒரு கதவு, அதுக்குக் கீல், கீலுக்கு எண்ணெய். எல்லாம் அழகுதான். வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் மாடிக்குக் கூட்டிட்டு வந்து காட்டினார். தளத்துல என்ன ஒட்டினார்? சன்மைக்கா. யார் வீட்டுச் சமையல் மேடையிலயோ மிஞ்சின துண்டு, வெள்ளையில மஞ்சப் பூ போட்டது, பளபளன்னு. கேட்டா, சுத்தம் பண்ணச் சுலபம் ரேணு, ஈரத் துணியால ஒரு இழு, முடிஞ்சதுங்கறார். முட்டை இடுற எடத்தைச் சாப்பாட்டு மேசைன்னு நினைச்சுட்டார் போல. முதல் ஈடு அஞ்சு முட்டை. கேரம் போர்டுல காய் ஓடுற மாதிரி மூலைக்கு ஒண்ணா ஓடிடுச்சு. சீவலைப் போட்டா சீவலும் வழுக்கி ஓரத்துக்குப் போகுது. பாவம் மிளகா, மூக்கால இழுத்து இழுத்து நடுவுல சேர்க்கும், உட்காரும்போது மறுபடி ஓடும். அஞ்சும் கூமுட்டை. ரெண்டாவது ஈட்டுல ரெண்டு பொரிஞ்சது. பொரிஞ்சு என்ன? அந்த வழுக்கல்ல கால் ஊன முடியாம ரெண்டு காலும் ரெண்டு பக்கமா விரிஞ்சுபோச்சு. தவளை மாதிரி படுத்தே கிடந்துச்சுங்க. ஒண்ணு நாலாம் நாள் போச்சு. இன்னொண்ணுக்குப் பிளாஸ்திரியைக் கிழிச்சு ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டி, டீ வடிகட்டியில பஞ்சு வெச்சு அதுல உட்கார வெச்சு, ரெண்டு மணிக்கொரு தரம் ஸ்பூன்ல ஊட்டினேன். ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் காலையில பார்த்தா கழுத்தைத் தொங்கப் போட்டுடுச்சு. நான் அழுதேன். ஆமா, அழுதேன். கிளிக் குஞ்சுக்கு அழறான்னு யாராவது சொல்லிட்டுப் போகட்டும்.

அப்ப என்ன சொன்னார் தெரியுமா? ஆண் சரியில்லைன்னார். அப்புறம், நீ அடிக்கடி எட்டிப் பார்க்கிறன்னார். அப்புறம், வெள்ளிக்கிழமை நீ போடுற சாம்பிராணிப் புகைதான்னார். நான் சாம்பிராணியை நிறுத்தினேன். எட்டிப் பார்க்கிறதை நிறுத்தினேன். அவர் சன்மைக்காவைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாரா? தளம் தட்டையா இருக்குங்க, குழி வேணும்னு நான் சொன்னப்போ, மாப்பிள்ளையோட அம்மா அப்பா எதிர்ல, காபி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, இவளுக்கு டிராயிங் படிக்கத் தெரியுமா, மண்பானையைத் தவிர என்ன தெரியும்னு சிரிச்சார். அவங்களும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்? அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. டிராயிங் படிக்கத் தெரியுமா. பாத்திரம் தேய்க்கும்போது வரும் அந்த வார்த்தை, பஸ்ல வரும், சாமி கும்பிடக் கண்ணை மூடினா அங்கயும் வந்து நிக்கும். எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா, ஆனா உன் டிராயிங்கை அந்தக் குஞ்சு படிச்சுச்சா? அன்னிக்கு அவங்க கிளம்பினதும் சொன்னேன், இனிமே பறவையைப் பத்தி என்கிட்ட வாயைத் திறக்காதீங்க, திறந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்னு. ஆடி மாசத்துல சொன்னது. அன்னையில இருந்து சோறு குழம்பு பேசுறோம், கேஸ் சிலிண்டர் பேசுறோம், பறவை மட்டும் பேசுறதில்ல. பெட்டியைக் கழட்டி மூலையில போட்டுட்டுப் பானையைக் கட்டினேன். ஐப்பசியில ஓசூருக்கு மக வீட்டுக்கு நாலு நாள் போனேன். நீ போய்ட்டு வா, நான் பார்த்துக்கறேன்னார். திரும்பி வந்து பார்க்கறேன், பானை பரண் மேல இருக்கு, கூண்டுல மறுபடி அந்தப் பெட்டி, பெட்டிக்குள்ள மிளகா முதல் முட்டையை இட்டுட்டா. முட்டை விட்ட பிறகு என்ன பண்ண? மென்னு முழுங்கினேன். இவரும் எதுவும் சொல்லல. நாற்காலியைப் போட்டுக்கிட்டுப் பெட்டி முன்னாடியே காவல். எனக்குத் தூக்கம் போச்சு. கண்ணை மூடினா அந்த மஞ்சப் பூ தளமும் விரிஞ்ச காலும்தான். பொரிஞ்சு வெளிய வந்த அன்னிக்கே கால் கெட ஆரம்பிச்சுடும், அதுக்கு முன்னாடி மாத்திடணும், எப்படியாவது மாத்திடணும்னு நாள் எண்ணிட்டிருந்தேன்.

மணி பத்தரை ஆச்சு. சிங்காரம் பானைகிட்ட வந்தான், வாசல்ல மூக்கை நீட்டினான், பின்வாங்கிட்டான். டேய், உள்ள உன் பிள்ளைங்கடா! பானையில கையை விட்டுப் பார்க்கட்டுமா? வேணாம், கை விட்டா இன்னும் மிரளுவான். கால் நிக்கல எனக்கு. ஏதாவது செய்யணும், சும்மா நின்னா இவனைப் பிடிச்சு உள்ள திணிச்சுடுவேன் போல இருக்கு. இந்தப் பெட்டியை முதல்ல கண்ணு முன்னாடி இருந்து ஒழிக்கணும். சீவலைக் கொட்டிட்டு அந்தச் சன்மைக்காவைப் பேர்த்து எடுத்து அவர் தலையணை மேல வைக்கிறேன், வந்து பார்க்கட்டும். கவிழ்த்தேன். சீவல் கொட்டுச்சு. நிறைய கொட்டுச்சு, இவ்வளவு போட்டிருக்காரா? தட்டினேன். உள்ள மஞ்சப் பூவைக் காணோம். வெளிச்சத்துல காட்டிப் பார்க்கறேன், என்ன இது? சன்மைக்காவே இல்ல. தடி மரம் ஒண்ணு, முழுப் பலகை, அடியில புதுசாப் பொருத்தியிருக்கு. நடுவுல குழி. கை வெச்சா உள்ளங்கை அப்படியே அமுங்குற மாதிரி ஒரு குழி. உளியால செதுக்கின தடம் ஒண்ணு ரெண்டு விளிம்புல தெரியுது, மீதியெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கார், ஆனா வழவழன்னு இல்ல, காலு பிடிக்கிற மாதிரி குறுக்கும் நெடுக்குமா லேசாக் கீறி விட்டிருக்கார். ஓரத்துல பென்சில் வட்டம் இன்னும் அழியல. நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். ஓசூர் போன நாலு நாள். அந்த நாலு நாள்லதான். முட்டையை எடுக்கும்போது பக்கக் கதவு வழியா கையை விட்டுத் துழாவினேனே, நாலும் ஒரே குவியலா இருந்துச்சே, அப்பவாவது என் மரமண்டைக்கு உறைச்சுதா? இந்தத் தடவை அதிர்ஷ்டம்னு நினைச்சேன். போன வாரம் அவர் எதிர்லயே டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ நாலுலயும் செவப்பு நரம்பு ஓடுச்சே, மூலைக்கு ஒண்ணா உருண்ட முட்டைக்கு நரம்பு எப்படி ஓடும்னு கேட்டேனா? கேட்கல. கோவம் இருந்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன்.

அடப்பாவி மனுஷா! சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? நீ சொன்னது சரி ரேணுன்னு ஒரு வார்த்தை, அதைச் சொன்னா வாய் வெந்துடுமா? திருட்டுத்தனமா செதுக்கத் தெரியுது, திருட்டுத்தனமாத் தேய்க்கத் தெரியுது, மூணு வாரம் எதிர்ல உட்கார்ந்து நான் வதங்குறதைப் பார்க்கத் தெரியுது. நல்ல இடத்துல இருந்த முட்டையை நானே தூக்கி இந்தக் குளிர்ல போட்டுட்டேனே. அவரா போட்டார்? நான் போட்டேன். என் கையால. பறவையைப் பத்தி வாயைத் திறக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன், ஆமா சொன்னேன், சொன்னா? துவரம் பருப்புக்குச் சீட்டு எழுதி ஒட்டத் தெரிஞ்ச மனுஷனுக்குப் பெட்டி மேல குழின்னு ரெண்டு எழுத்து எழுதி ஒட்டத் தெரியாதா? யோசிக்க நேரமில்ல. எழுந்திரு. சீவலை வாரி உள்ள போடு, குழி மறையாம போடு, போதும். கொக்கியில மாட்டு. கனமா இருக்கு சனியன், முழுப் பலகையாச்சே. சிங்காரம் பறந்து அந்தக் கோடிக்குப் போய்ட்டான், போ, போய் மிரளு. பானைக்குள்ள கை. முதல் முட்டை ஜில்லுன்னு இருக்கு. கடவுளே. ரெண்டாவது ஜில்லு. மூணாவதும். நாலாவது, மூத்தது, நான் பென்சிலால ஒரு கோடு போட்டு வெச்சது, அதைக் காதுகிட்ட வெச்சேன். மழைச் சத்தம்தான் கேட்குது. தகரத்து மேல கொட்டுற மழை, அதுக்கு நடுவுல எங்கேயோ. மூச்சைப் பிடிச்சேன். டிக். நகத்தால நகத்தைத் தட்டுற மாதிரி. மறுபடி டிக். உள்ள இருந்துதான். சாகலடி, சாகல. நாலையும் குழியில வெச்சேன், தானா ஒண்ணையொண்ணு தேடிப் போய் ஒட்டிக்கிச்சு, கதவைச் சாத்தினேன். கீழ கேட்டு திறக்கிற சத்தம் கேட்டுச்சு.

படியில அவர் ஏறி வர்ற சத்தம். ஒளிச்சுடலாம். பானையைப் பரண் மேல தூக்கிப் போட்டா முடிஞ்சது, பெட்டி அதே இடத்துல தொங்குது, நான் தினை வைக்க வந்தேன், அவ்வளவுதான், யாருக்குத் தெரியும்? அவர் என்கிட்ட மூணு வாரம் மறைச்சார், நானும் மறைச்சுட்டுப் போறேன். மனசு சொல்லுது, கால் நகரல. குடையை மடக்கிட்டே வந்து நின்னார். என் புடவையெல்லாம் சீவல், கையில பானை. அவர் முதல்ல பானையைப் பார்த்தார், அப்புறம் பெட்டியை, அப்புறம் என்னை.

"என்ன பண்ணினே?"

"மாத்தினேன். முட்டையைத் தூக்கிப் பானையில போட்டேன். அரை மணி ஆறவிட்டேன். இப்பத் திரும்ப வெச்சிருக்கேன். தப்பு பண்ணிட்டேன். கேட்டீங்களா? தப்பு பண்ணிட்டேன்னு சொல்றேன். வாயில இருந்து வருது பார்த்தீங்களா? ஒண்ணும் செத்துடல நான்!"

மழையைவிட சத்தமா கத்தியிருக்கேன் போல, மிளகா கூட அடங்கிடுச்சு. அவர் குடையைச் சுவத்துல சாத்தினார். அது சரிஞ்சுது. மறுபடி சாத்தினார்.

"குழியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ஆழம் சரியா இருக்கா?"

"அரை மில்லி தப்பாத ஆளு என்னைக் கேட்கிறீங்களா? டிராயிங் எங்க? காட்டுங்க."

"டிராயிங் போடல." கண்ணாடியைக் கழட்டிச் சட்டையில துடைச்சார், அது இன்னும் ஈரமாச்சு. "உன் பானையிலதான் அளவெடுத்தேன். உள்ள கோதுமை மாவு பிசைஞ்சு அமுக்கி, அதை அப்படியே எடுத்து அளந்தேன். நாலு தடவை எடுத்தேன். மண்ணுல செஞ்சது, நாலு பக்கமும் நாலு அளவு இருந்தது. அப்படியே செதுக்கினேன்."

"அதை என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

வாசல் ஓட்டையைப் பார்த்துட்டு நின்னார். பெரிய ஃபிட்டர், முப்பத்திநாலு வருஷ சர்வீஸ், என் பானைக்குள்ள மாவைப் பிசைஞ்சு அமுக்கிட்டு நின்னிருக்கார், அதுவும் நான் இல்லாத நாளாப் பார்த்து. எனக்குக் கோவம் போச்சான்னா போகல. இன்னும் கூடத்தான் ஆச்சு. நான் பட்டதெல்லாம் எதுக்கு? அந்த மூணு வாரத்துத் தூக்கத்தை யார் திருப்பித் தருவா? ரெண்டு பேரும் கூண்டையே பார்த்துட்டு நிக்கிறோம். சிங்காரம் கோடியில இருந்து கம்பி கம்பியா நடந்து வந்தான். பெட்டி மேல உட்கார்ந்தான். கொண்டை இறங்குச்சு. வாசல்ல தலையை விட்டான், உடம்பை விட்டான், வால் கடைசியா உள்ள போச்சு. சீவல் நகர்ற சத்தம், அப்புறம் சத்தமில்ல.

மணி பத்து நாப்பத்தேழு.

அவர் குனிஞ்சு பெட்டிகிட்ட காதை வெச்சார். மழையில என்ன கேட்கும்? நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த முகம் தெரியும், கெஞ்சுற முகமா அதை நான் பார்த்ததே இல்ல.

"உயிர் இருக்கா ரேணு? காதுல வெச்சுப் பார்த்தியா?"

என் காதுல அந்த டிக் இன்னும் இருக்கு. சொன்னா இந்த நிமிஷமே அவர் முகம் மாறிடும்.

"தெரியலைங்க"ன்னு சொல்லிட்டுப் பானையைக் கழுவ எடுத்துட்டுக் கீழ இறங்கினேன்.